ரொட்டியை விடாமல் எடையைக் குறைக்கலாம்: மலைநாட்டு அடுப்படிக்கு ஒரு கணக்கு

இலங்கை மலைநாட்டில் தேயிலை மலைக்கு வேலைக்குப் போகிற ஒருவர் காலையில் இரண்டு ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் பிரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போவதில் எந்தத் தவறும் இல்லை. அந்த உணவு அந்த வேலைக்காகவே அமைந்தது. கூடையோடு சரிவில் ஏறி இறங்கி, நின்றபடியே கொழுந்து எடுத்து, நிறுவை முடிந்து லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) திரும்புகிற உடம்பு அதை எரித்துவிடும். வேலை மாறிய பிறகும் தட்டு மாறாமல் இருக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பென்ஷன் எடுத்த அம்மா, ஹட்டன் டவுனில் புடவைக் கடையில் நிற்கும் மகள், ஆட்டோ ஓட்டும் மகன், கொழும்பில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் மருமகன் எல்லோருக்கும் வீட்டில் இன்னும் அதே அளவு ரொட்டிதான் சுடப்படுகிறது.

இதை எண்ணில் பார்க்கலாம். 45 வயது, 155 சென்ரிமீற்றர் உயரம், 68 கிலோ எடை உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். நாளெல்லாம் மலையில் வேலை செய்தால் அவருக்கு ஏறக்குறைய 2,200 கலோரி வேண்டும். வீட்டோடு இருந்துவிட்டால் 1,770 போதும். வித்தியாசம் 430 சொச்சம். இனி ரொட்டியைப் பாருங்கள்: 100 கிராம் கோதுமை மாவில் 360 கலோரி, அதோடு பிசைகிற 30 கிராம் தேங்காய்ப்பூவில் 105. தடிப்பான ஒரு பெரிய தோட்டத்து ரொட்டிக்கு 465 கலோரி. மலை வேலை நின்ற அன்றிலிருந்து உடம்புக்குத் தேவையில்லாமல் போனது கிட்டத்தட்ட ஒரு ரொட்டி. அந்த ஒன்று நாள்தோறும் உள்ளே போய்க்கொண்டிருந்தால், சில வருஷத்தில் சட்டை தைக்கிறவர் அளவை மாற்றச் சொல்வார்.

இணையத்தில் வருகிற டயட் அட்டவணைகள் இங்கே நிலைப்பதில்லை என்று நினைக்கிறேன். ஓட்ஸ், அவக்காடோ, ஒலிவ் எண்ணெய், சிக்கன் பிரெஸ்ட் என்று எழுதியிருப்பார்கள். முதல் வாரம் வாங்கலாம். சம்பள முன்பணம் முடிந்த வாரத்தில் என்ன செய்வது? ஒரே வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் எத்தனை மாதம் நடக்கும்? அடுப்பில் ஏற்கனவே இருப்பதைக் கொஞ்சம் மாற்றினால்தான் அது ஐந்து வருஷம் தாங்கும்.

யார் குறைக்க வேண்டும்?

ஆசிய மக்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் (கிலோ எடையை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 23 ஐத் தாண்டினாலே நீரிழிவு, இரத்த அழுத்த ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5 க்கு மேல் ஆபத்து அதிகம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு 2004 இல் சொன்ன எல்லை இது. 155 சென்ரிமீற்றர் உயரத்துக்கு 23 என்றால் 55 கிலோ. 165 சென்ரிமீற்றருக்கு 62 முதல் 63 கிலோ. அதைவிடச் சுலபமான அளவு இடுப்புச் சுற்று. தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90. கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னால் வந்த பல பேர் நம்மிடையே இருக்கிறார்கள். தராசு அவர்களைக் காட்டிக்கொடுக்காது, நாடா காட்டிக்கொடுக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். வயிற்றை எக்கிப் பிடித்து அளந்தால் அந்த எண்ணால் பிரயோசனம் இல்லை. தையல் நாடா இல்லாவிட்டால் ஒரு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்து, மாதம் ஒருமுறை அதே நூலைச் சுற்றிப் பாருங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம்முடைய லயங்களில் எடை கூடிய தாயும் எடை குறைந்த பிள்ளையும் ஒரே காம்பராவில் (லயத்து அறையில்) இருப்பது சாதாரணம். அம்மா குறைக்கிறார் என்பதற்காகப் பிள்ளையின் முட்டையும் பாலும் தேங்காயும் குறையவே கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் எடை குறைக்க முயலவே வேண்டாம். கொழுந்து எடுக்கும் மெலிந்த பெண்ணுக்கு இந்தப் பதிவில் உள்ள அளவுகள் பொருந்தாது. அவருக்கு அந்த இரண்டு ரொட்டியும் வேண்டும், அதற்கு மேல் ஒரு முட்டையும் வேண்டும்.

ரொட்டி

ரொட்டியை நிறுத்தச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அளவையும் சேர்மானத்தையும் மாற்றினால் போதும். ஆறு ரொட்டிக்கு 150 கிராம் கோதுமை மா, 100 கிராம் குரக்கன் (கேழ்வரகு) மா, 50 கிராம் தேங்காய்ப்பூ, பொடியாக வெட்டிய லீக்ஸ் ஒரு கோப்பை, துருவிய கரட் ஒன்று, வெங்காயம், பச்சை மிளகாய், அரைத் தேக்கரண்டி உப்பு. இப்படிச் செய்தால் ஒரு ரொட்டி 180 கலோரி அளவில் நிற்கும். இரண்டு சாப்பிட்டாலும் 360. பழைய ரொட்டி ஒன்றைவிட 100 குறைவு. வயிறும் நிறைந்திருக்கும், ஏனென்றால் மரக்கறி இடம் பிடிக்கிறது, குரக்கன் நார் மெதுவாகச் செமிக்கிறது.

குரக்கன் மாவைப் போட்டால் மட்டும் எடை குறையும் என்று நம்ப வேண்டாம். கிராமுக்குக் கிராம் கலோரியில் அது கோதுமையை விடப் பெரிதாகக் குறைந்ததில்லை. நார்ச்சத்தும் கல்சியமும்தான் கூடுதல். குரக்கன் ரொட்டி நான்கு சாப்பிட்டால் நான்கின் கணக்கு வரும்.

முதல் தடவை இது பிழைக்கும் இடங்கள் உண்டு. கோதுமையில் இருக்கும் ஒட்டும் புரதம் குரக்கனில் இல்லை. அதனால் ஓரம் வெடித்துப் பிரியும். பச்சைத் தண்ணீருக்குப் பதிலாக இளஞ்சூட்டு நீரில் பிசைந்து, ஈரத்துணி மூடி 20 நிமிஷம் விட்டால் மா நீரை இழுத்துக்கொண்டு இணங்கி வரும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்ற வேண்டாம். உப்புப் பட்டதும் லீக்ஸும் கரட்டும் நீர் விடும். ஆரம்பத்தில் சரியாக இருந்த மா பத்து நிமிஷத்தில் களியாகிவிடும். அப்படி ஆனதும் கை தானாகக் கோதுமை மா டின்னுக்குப் போகும், அங்கேதான் கணக்குத் தவறுகிறது. 100 மில்லிலீற்றரில் தொடங்கி, மூடி வைத்த பிறகு தேவையானால் கரண்டி கரண்டியாகச் சேர்த்தால் போதும். லீக்ஸை நீளமாகக் கீறி, இதழ் இதழாக விரித்துக் கழுவுங்கள். நுவரெலியா மண் உள்மடிப்பில்தான் தங்கியிருக்கும். கல்லில் எண்ணெய் தடவத் தேவையில்லை, மிதமான நெருப்பில் மூடிபோட்டுச் சுட்டால் நடுவும் வேகும்.

பாண் வாங்குகிற வீடுகளுக்கும் ஒரு கணக்கு: ஒரு றாத்தல் பாண் 450 கிராம், கால் றாத்தலில் 290 கலோரி. கால் றாத்தலோடு முட்டையும் பருப்பும் என்றால் நல்ல காலைச் சாப்பாடு. அரை றாத்தலைச் சம்பலில் தொட்டு முடித்தால் 600 ஐத் தாண்டிவிடும், பத்து மணிக்கு மறுபடி பசிக்கும். பேக்கரிப் பண்டம் விற்க வருகிற சூன் பாண் ஆட்டோவின் பாட்டு லயத்து முடக்கில் கேட்கும்போது பிள்ளைகள் ஓடுவார்கள். அதில் பாணை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள். சீனி தூவிய பணிஸும் எண்ணெயில் பொரித்த ரோல்ஸும் வீட்டுக்குள் வந்துவிட்டால், மிஞ்சியதை முடிப்பது பெரும்பாலும் அம்மாதான்.

தேத்தண்ணி

தேயிலை விளைகிற மண்ணில் தேத்தண்ணியைக் குறை என்று சொல்ல முடியாது, சொல்லவும் தேவையில்லை. சாயத்தில் கலோரி இல்லை. ஒரு தேக்கரண்டிச் சீனி 5 கிராம், 20 கலோரி. நாளுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் 50 கிராம் சீனி, 200 கலோரி. 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு உலக சுகாதார ஸ்தாபனம் வைக்கிற மேல் எல்லையே அந்த 50 கிராம்தான். 25 ஆக இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. வேறு எந்தச் சீனியும் சாப்பிடாமல் தேத்தண்ணியிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறோம். பால் தேத்தண்ணி என்றால் இரண்டு மேசைக்கரண்டிப் பால்மாவுக்கு 80 கலோரி, சீனிக்கு 40, மொத்தம் 120.

ஒரே நாளில் சீனியை நிறுத்தினால் நாலாம் நாள் திரும்பி வந்துவிடும். கோப்பைக்கு அரைக் கரண்டி குறைத்து, இரண்டு வாரம் அங்கேயே நின்று, பிறகு மறுபடி அரைக் கரண்டி. நாக்கு பழகிக்கொள்ளும். பழையவர்கள் கருப்பட்டித் துண்டைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டு வெறும் சாயம் குடிப்பார்கள். அது இந்த விஷயத்தில் மிக நல்ல வழக்கம், ஏனென்றால் எவ்வளவு இனிப்பு உள்ளே போகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. நகத்தளவு துண்டு ஒன்று, 5 கிராம். கித்துள் கருப்பட்டி என்பதால் கலோரி குறையாது. சீனியின் கணக்குத்தான் அதற்கும்.

சோறு முடிந்த கையோடு தேத்தண்ணி குடிப்பதையும் நிறுத்த வேண்டும், அது வேறு காரணத்துக்காக. சாயத்தில் உள்ள தனின் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. தோட்டத்துப் பெண்கள் பலருக்கு இரத்தம் குறைவு. “கொஞ்சம் நடந்தாலும் மூச்சு இளைக்குது, எனக்கு உடற்பயிற்சி ஒத்துக்கொள்ளாது” என்று சொல்கிறவர்களில் பல பேருக்குக் காரணம் இரத்தச்சோகையாக இருக்கும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி நேரம் விடுங்கள், வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் பிழியுங்கள், ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள்.

புரதம் எங்கே?

ரொட்டியும் சம்பலும் என்ற தட்டில் பெரும்பாலும் மாவும் கொழுப்பும்தான். எடை குறையும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை, தசையும் போகும். தசை குறைந்தால் உடம்பு எரிக்கிற அளவும் குறையும், மறுபடி எடை ஏறும்போது கொழுப்பாகவே ஏறும். பட்டினி கிடந்து 8 கிலோ குறைத்தவர் ஒரு வருஷத்தில் பழைய எடைக்கு வந்து, முன்னைவிடச் சோர்வாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். எடை குறைக்கும் காலத்தில் ஒரு கிலோ உடல் எடைக்கு 1 கிராம் அளவிலாவது புரதம் கிடைக்கப் பார்க்க வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் கூட்டக்கூடாது.

நம் கடைகளில் கிடைப்பதே போதும். முட்டை ஒன்றில் 6 கிராம். காய்ந்த மைசூர்ப் பருப்பு 100 கிராமில் 24. சோயா மீட் காய்ந்த 30 கிராமில் 15 கிராம். நெத்தலிக் கருவாடு 15 கிராம், அதாவது ஒரு சின்னக் கைப்பிடி, 9 கிராம் தரும். கருவாட்டின் உப்புத்தான் தொல்லை. ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராம் உப்பு என்பது எல்லை. நெத்தலியைச் சுடுநீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து, இரண்டு தண்ணீர் மாற்றிக் கழுவி, கறிக்கு உப்புப் போடாமல் சமையுங்கள். எண்ணெயில் முறுகப் பொரிப்பதைவிட, தக்காளியும் வெங்காயமும் போட்டுத் தெவல் வைப்பது நல்லது. சோயா மீட்டையும் பலர் கொதிநீரில் போட்டு எடுத்து நேராக எண்ணெயில் பொரிக்கிறார்கள். துளைத்துளையாக இருப்பதால் அது எண்ணெயை நன்றாகக் குடிக்கும். கொதிநீரில் ஊறியதைப் பிழிந்து, மிளகாய்த்தூள் மஞ்சள் பிரட்டி, தேங்காயின் இரண்டாம் பாலில் வேகவிடுங்கள்.

கடலையும் கௌபியும் மலிவு, வயிற்றில் நிற்கும். ஆனால் மலைநாட்டில் அவை வேகவில்லை என்று முறைப்பாடு உண்டு, அதற்கு நியாயமான காரணமும் உண்டு. உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையில் கொதிக்கும், ஹட்டனில் 96. பானை பொங்கிக்கொண்டே இருக்கும், கடலை கல்லாகவே இருக்கும், விறகோ காஸோதான் தீரும். இரவில் 10 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள், குளிர்காலத்தில் இளஞ்சூட்டு நீரில். பிறகு பிரஷர் குக்கரில் 20 முதல் 25 நிமிஷம். தக்காளி, புளி, தேசிக்காய் எதையும் வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். புளிப்புச் சேர்ந்தால் தோல் இளகாது. கடையில் நீண்ட நாள் கிடந்த பழைய கடலை எவ்வளவு ஊறினாலும் முழுதாக வேகாது, அடுத்த தடவை கடையை மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ அவித்து, தண்ணீரை வடித்து, குளிர்சாதனப்பெட்டி இருந்தால் மூன்று நாள் வைக்கலாம். மாலை நாலு மணிப் பசிக்கு ஒரு கைப்பிடி தாளித்துக்கொண்டால் பிஸ்கட் பக்கெட் திறக்கப்படாது.

தேங்காயும் எண்ணெயும்

எண்ணெயைக் கரண்டியால் அளக்கச் சொன்னால் யாரும் தொடர்ந்து அளப்பதில்லை. போத்தலை அளப்பது சுலபம். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 மில்லிலீற்றர் என்றால், நாலு பேர் உள்ள வீட்டில் 750 மில்லிலீற்றர் போத்தல் 12 நாள் வர வேண்டும். போத்தலில் திறந்த திகதியை எழுதி ஒட்டுங்கள். ஆறு நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 120 கலோரி கூடுதலாகப் போகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் வடையும் பப்படமும் பொரித்த நாட்களே அதைத் தின்றிருக்கும்.

தேங்காய்க்கு ஒரே விதி: ஒரு வேளையில் ஒரு பதார்த்தத்துக்குத்தான் தேங்காய். பருப்புக்குப் பால் விட்டால் மரக்கறியை வதக்கல். சம்பல் இடித்தால் பருப்பைத் தண்ணீரில் அவித்து, வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து இறக்குங்கள். சம்பல் இரண்டு மேசைக்கரண்டி 100 கலோரி. வெங்காயமும் தேசிக்காயும் கூட்டி, தேங்காய்ப்பூவைப் பாதியாக்கிய சம்பல் இடித்தால் நன்றாகவே இருக்கும்.

சோற்றுக்கு வருகிறேன். வீட்டில் அரிசி அளக்கிற சுண்டை ஒருமுறை கடைத்தராசில் அரிசி நிரப்பி நிறுத்துப் பாருங்கள், வீட்டுக்கு வீடு வித்தியாசப்படும். பச்சையாக 70 கிராம் அரிசி, வெந்தால் 200 கிராமுக்குக் கிட்டே, 250 கலோரி சொச்சம். தேத்தண்ணிக் கோப்பையால் ஒரு கோப்பைச் சோறு. தட்டில் முதலில் மரக்கறியைப் பாதிக்குப் போட்டு, பிறகு புரதம், கடைசியில் சோறு போடுங்கள். சோற்றை முதலில் போட்டால் மலை மாதிரிக் குவியும், மரக்கறி ஓரத்தில் தொட்டுக்கொள்வதாகிவிடும். கோவா, போஞ்சி, நோக்கோல், ராபு, பீட்ரூட் எல்லாம் நம் வாசலிலேயே விளைகிறது. உருளைக்கிழங்கை மட்டும் மரக்கறிக் கணக்கில் எழுத வேண்டாம். அது சோற்றின் கணக்கு. மரவள்ளியும் பலாக்காயும் அப்படித்தான். சோறும் கிழங்குக் கறியும் ஒரே தட்டில் வந்தால் சோற்றைக் குறையுங்கள்.

முன்னே சொன்ன 45 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாள் இப்படி அமையும். காலையில் லீக்ஸ் ரொட்டி இரண்டு, அவித்த முட்டை ஒன்று, ஒரு மணி நேரம் கழித்து ஒரு கரண்டிச் சீனியோடு தேத்தண்ணி. மத்தியானம் ஒரு கோப்பைச் சோறு, 30 கிராம் பருப்பில் செய்த கறி, இரண்டு மரக்கறி, நெத்தலித் தெவல். நாலு மணிக்குக் காய்ந்த அளவில் 25 கிராம் கடலை, சீனியில்லாத சாயம். இரவில் அரைக் கோப்பைச் சோறு, 30 கிராம் சோயா மீட் கறி, நிறைய மரக்கறி. சமையல் எண்ணெய் முழு நாளுக்கும் மூன்று தேக்கரண்டி. மொத்தம் 1,450 கலோரிக்குப் பக்கத்தில், புரதம் 62 கிராம் அளவில். இன்னொரு முட்டை சேர்த்தால் 68. இதில் தனிச் சமையல் எதுவும் இல்லை, வீட்டில் மற்றவர்கள் சோற்றையும் ரொட்டியையும் கூட்டிக்கொள்ளலாம்.

சாராயத்தை விட்டுவிட்டுக் கணக்குப் பார்ப்பது நேர்மையில்லை. கால் போத்தல், 180 மில்லிலீற்றர், 330 கலோரிக்கு மேல். கூடவே வருகிற பொரியலும் மிக்சரும் தனி. மாலையில் இதைக் குடித்துவிட்டு இரவுச் சோற்றைக் குறைப்பவர்களுக்கு எடை போகாது, தசை போகும்.

நடை

இந்த மலைநாட்டில் ஜிம்முக்குப் பணம் கட்டாதவர்களுக்கும் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. 68 கிலோ உடம்பை 100 மீற்றர் உயரத்துக்கு ஏற்ற, சமதரையில் நடப்பதற்கு மேலதிகமாக 64 கலோரி செலவாகும். நூற்றுக்கு ஏழு என்ற சாய்வுள்ள தோட்டத்து ரோட்டில் ஒரு கிலோமீற்றர் ஏறினால் 70 மீற்றர் உயர்ந்துவிடுவோம். டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு ஒரு ஹோல்ட் முன்னாலேயே இறங்கி ஏறி வருவது, சமதரையில் வெகுதூரம் நடப்பதற்குச் சமம்.

ஆனால் ஏற்றத்தை விட இறக்கத்தில்தான் ஆட்கள் அடிபடுகிறார்கள். இறங்கும்போது தொடைத்தசை நீண்டபடியே பாரம் தாங்குகிறது. அதனால் அன்று ஒன்றும் தெரியாமல், இரண்டாம் நாள் படி இறங்க முடியாமல் வலிக்கும். பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். முதல் இரண்டு வாரம் 15 நிமிஷ நடை, ஏற்றம் கொஞ்சம்; வாரத்துக்கு 5 நிமிஷம் கூட்டுங்கள். ஏறும்போது சிறு வாக்கியங்களாகப் பேச முடிகிற வேகம் போதும், பேச்சு நின்றால் வேகத்தைக் குறையுங்கள். இறங்கும்போது அடியைச் சுருக்கி வைத்து, முழங்காலைச் சற்று மடக்கி, செங்குத்தான இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இறங்கினால் மூட்டுக்கு இலகு. முழங்கால் தேய்ந்தவர்கள் ஏறிவிட்டு இறங்குவதற்கு பஸ்ஸைப் பிடிக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இலக்கு வாரத்துக்கு 150 நிமிஷம், முடிந்தால் 300.

எங்கே நடப்பது என்பதும் முக்கியம். ரயில் பாதையில் நடக்க வேண்டாம். மூடுபனியில் வளைவுக்கு அப்பால் ரயில் வருவது தெரியாது, சுரங்கத்துக்குள் ஒதுங்க இடமிருக்காது. விடியும் முன் தேயிலைக்குள் தனியாகப் போக வேண்டாம், சிறுத்தை நடமாடுகிற தோட்டங்கள் பல உண்டு. மரத்திலோ செடிக்குள்ளோ குளவிக் கூடு இருப்பதாகக் கேள்விப்பட்ட பக்கம் போகாமல், லயத்து ரோட்டிலேயே நடங்கள். தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், நோர்வூட் பக்கத்தை நனைக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு வருட முடிவு மழை. அந்த மாதங்களுக்கு வீட்டுக்குள் செய்கிற ஒன்று கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழையோடு பழக்கமும் போய்விடும்.

அதற்கு இஸ்தோப்பே (வீட்டு முன் விறாந்தையே) போதும். கதிரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழும்புவது 10 தடவை. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10. வாசற்படியில் ஏறி இறங்குவது காலுக்கு 10. 5 லீற்றர் தண்ணீர்க் கான் இரண்டைக் கைக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு இஸ்தோப்பின் ஒரு தொங்கலில் இருந்து மறு தொங்கல் வரை நடப்பது. இதை மூன்று சுற்று, வாரத்தில் இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. 10 தடவை இலகுவாகிவிட்டால் 12, 15 என்று கூட்டி, பிறகு கதிரையைத் தாழ்வாக்குங்கள். தசையைக் காப்பது இந்தப் பகுதிதான். நடை மட்டும் அதைச் செய்யாது.

தராசும் திருவிழாவும்

வாரத்தில் ஒரே நாள், காலையில், மலசலம் கழித்த பிறகு, ஒன்றும் குடிக்கும் முன் எடை பாருங்கள். முதல் வாரம் இரண்டு கிலோ குறைந்தால் அதில் பெரும்பகுதி நீர். உடம்பில் சேமித்த மாச்சத்தில் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவு நீர் இருக்கிறது. மாச்சத்துக் குறைந்ததும் அது வெளியேறும். கருவாடு தின்ற மறுநாள், மாதவிலக்குக்கு முந்திய நாட்கள் தராசு ஏறிக்காட்டும், அதுவும் நீர்தான். நாலு வாரச் சராசரியைப் பாருங்கள். மேலே சொன்ன உணவோடும் நடையோடும் வாரத்துக்கு 300 முதல் 400 கிராம் குறைவது எதிர்பார்க்கக்கூடியது. குறைவாகத் தெரியலாம். ஆனால் 68 கிலோவில் 5 வீதம் என்பது 3.4 கிலோ, பத்து வாரம். அந்த 5 வீதமே சீனிக்கும் பிரஷருக்கும் வித்தியாசம் காட்டத் தொடங்கும். 2002 இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், 7 வீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிஷ நடையும் இலக்காக வைத்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 வீதம் குறைந்தது.

தீபாவளி, தைப்பொங்கல், கோயில் திருவிழா, சடங்கு, கல்யாணம் எல்லாம் வரும், வரட்டும். பண்டிகையன்று பசியோடு இருக்க வேண்டாம், எண்ணவும் வேண்டாம். மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்டுவதுதான் கெடுதல். பட்டினிக்குப் பின்னால் பெருந்தீனி வரும். மறுநாள் காலை வழக்கமான இரண்டு ரொட்டிக்குத் திரும்பினால் போதும். மிஞ்சிய முறுக்கும் அதிரசமும் வீட்டு டின்னில் இருக்கும்வரை பண்டிகை முடியவில்லை என்பதால், அன்றே பக்கத்துக் காம்பராக்களுக்குப் பங்கிட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறவர்கள் நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களானால் கிளினிக்கில் கேட்காமல் பிடிக்கக்கூடாது, சீனி அளவு தாழ்ந்து மயக்கம் போடலாம்.

வீட்டுப் பெரியவர்கள் “இன்னொரு கரண்டி போடு” என்பார்கள். 1973, 74 இல் தோட்டங்களில் பசி எப்படி இருந்தது என்று கண்டவர்கள் அவர்கள். மரவள்ளி இலையை அவித்துத் தின்ற வீடுகள் உண்டு. சாப்பாட்டை மறுத்தால் அது அவர்களுக்கு வேதனை. வேண்டாம் என்று சொல்வதைவிட “மரக்கறி இன்னும் கொஞ்சம் போடுங்க அப்பாயி” என்று கேட்பது இருவருக்கும் நல்லது.

இரண்டு மாதம் கழித்து எடை நின்றுவிட்டால் மனம் தளர வேண்டாம். உடம்பு சிறுத்துவிட்டதால் அதன் தேவையும் குறைந்திருக்கிறது. 68 இல் இருந்து 63 க்கு வந்தவருக்கு நாளுக்கு 70 கலோரியாவது குறைவாகப் போதும். முதலில் எண்ணெய்ப் போத்தலின் திகதியையும் சீனிக் கரண்டியையும் பாருங்கள், அளவு மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு ஏறியிருக்கும். அங்கே பிழை இல்லையென்றால் நடையில் 10 நிமிஷம் கூட்டுங்கள். சாப்பாட்டை மேலும் வெட்ட வேண்டாம். 1,200 கலோரிக்குக் கீழே போகவே வேண்டாம்.

நீரிழிவு, பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் எடை குறையக் குறைய மாத்திரை அளவும் மாற வேண்டியிருக்கும். தானாக நிறுத்தாமல், வாரவாரம் பார்த்த எடையையும் இடுப்பளவையும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அரச ஆஸ்பத்திரிகளில் உள்ள ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், சீனி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். எந்தக் கிழமை நடக்கிறது என்று பக்கத்து எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். வெறும் வயிற்றோடு, காலையிலேயே போங்கள்.